பெர்மாஃப்ராஸ்ட் இளகுது: அடிக்கடி கேக்கற கேள்விகளும் பதில்களும்

ஆர்க்டிக் பக்கம் மண்ணு இளகுது, மீத்தேன் கிளம்புது, பழைய வைரஸ் எல்லாம் எந்திரிச்சு வருதுன்னு வாட்ஸ்அப்ல வீடியோ நிறைய சுத்துது. அதுல கொஞ்சம் உண்மை, நிறைய பயமுறுத்தல். எங்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை எல்லாம் ஒரே இடத்துல போட்டு பதில் எழுதியிருக்கேன். உதாரணங்கள் பெரும்பாலும் சைபீரியாவுல இருந்துதான், ஏன்னா இந்த நிலம் அதிகமா இருக்கறதும் அங்கதான், அது மேல பெரிய ஊரையே கட்டி லட்சக்கணக்குல ஜனங்க வாழறதும் அங்கதான்.

பெர்மாஃப்ராஸ்ட்னா என்னங்க? பனிப்பாறையா?

இல்ல. பனிப்பாறைங்கறது முழுக்க ஐஸ். இது மண்ணு. மண்ணு, மணல், கல்லு, செத்த செடி, வேரு எல்லாம் சேர்ந்து உறைஞ்சு கெட்டியா கெடக்கறது. குறைஞ்சது ரெண்டு வருஷம் தொடர்ந்து 0 டிகிரி செல்சியஸ் இல்ல அதுக்குக் கீழ இருந்தா அந்த நிலத்துக்கு இந்தப் பேரு. தமிழ்ல நிரந்தர உறைபனி, உறைநிலம்னு எழுதறாங்க. ரெண்டு வருஷம்ங்கறது சும்மா கணக்குக்குத்தான், நிஜத்துல பல இடத்துல பத்தாயிரக்கணக்கான வருஷமா உறைஞ்சே கெடக்கு.

அதுக்குள்ள எவ்ளோ ஐஸ் இருக்குங்கறது இடத்துக்கு இடம் மாறும். பாறையா இருந்தா ஐஸ் ரொம்பக் கம்மி. ஆனா சைபீரியாவுலயும் அலாஸ்காவுலயும் யெடோமான்னு ஒரு வகை மண்ணு இருக்கு, பனி யுகத்துல காத்து அடிச்சுக் கொண்டுவந்த தூசு படிஞ்சு உண்டானது, அதுல பாதிக்கும் மேல ஐஸ்தான். குளிர்காலத்துல நிலம் வெடிக்கும், வசந்தத்துல அந்த வெடிப்புக்குள்ள தண்ணி எறங்கி உறையும், அடுத்த வருஷம் அதே இடத்துல திரும்ப வெடிக்கும். இப்படியே ஆயிரக்கணக்கான வருஷம் நடந்து, மரம் பிளக்கற ஆப்பு மாதிரி மேல அகலமா கீழ குறுகலா பெரிய பெரிய ஐஸ் ஆப்பு மண்ணுக்குள்ள நிக்குது. சில மீட்டர் அகலம், பத்து இருபது மீட்டருக்கும் மேல ஆழம். இந்த ஆப்பை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வர்ற பாதி பிரச்சனை இதுலதான் ஆரம்பிக்குது.

எல்லாரும் உருகுதுன்னு சொல்றாங்க, நீங்க இளகுதுன்னு எழுதறீங்களே?

வேணும்னுதான். ஐஸ் உருகும், நெய் உருகும், மண்ணு உருகாது. ஃப்ரீஸர்ல இருந்து எடுத்து வெளிய வச்ச மட்டன் உருகுதுன்னு யாரும் சொல்ல மாட்டோம், இளகிருச்சான்னுதான் பாப்போம். உள்ள இருக்கற ஐஸ் தண்ணியாகும், கறி கறியாவே இருக்கும், ஆனா கெட்டுப்போக ஆரம்பிச்சிடும். இங்கயும் அதேதான் நடக்குது.

2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்போ எங்க வீட்ல நாலு நாள் கரண்ட் இல்ல. ஃப்ரீஸர்ல அரைக்கிலோ மட்டனும் ஒரு டப்பா துருவுன தேங்காயும் இருந்துச்சு. மூணாவது நாள் கதவைத் தொறந்தப்போ வந்த நாத்தம் இன்னும் ஞாபகம் இருக்கு. அந்த நாத்தம் எங்க இருந்து வந்துச்சு? ஃப்ரீஸருக்குள்ள கிருமி செத்துப்போகல, குளிர்ல சும்மா கெடந்துச்சு, குளிர் போனதும் வேலையை ஆரம்பிச்சிடுச்சு. ஆர்க்டிக்ல இருக்கறது அந்த மாதிரி ஒரு ஃப்ரீஸர், ஆனா ரஷ்யாவோட நிலத்துல ஏறக்குறைய 65 சதவீதம், கனடாவுல ஏறக்குறைய பாதி, அலாஸ்காவுல பெரும்பகுதின்னு பரந்து கெடக்கற ஃப்ரீஸர். வட அரைக்கோளத்து நிலத்துல மொத்தமா சுமார் 15 சதவீதத்துக்கு அடியில இது இருக்கு.

எவ்ளோ ஆழத்துக்கு உறைஞ்சிருக்கு?

இதுக்கு ஒரு நல்ல கதை இருக்கு. கிழக்கு சைபீரியாவுல யாகுட்ஸ்க்னு ஒரு ஊரு, லேனா ஆத்தங்கரையில. 1828-ல அங்க ஃபியோதர் ஷெர்கின்னு ஒரு வியாபாரி தண்ணிக்காகக் கிணறு தோண்ட ஆரம்பிச்சாரு. தோண்டத் தோண்ட உறைஞ்ச மண்ணுதான் வருது. வருஷக்கணக்குல விடாம தோண்டி 1837 வாக்குல 116 மீட்டர் வரைக்கும் போயிட்டாங்க, அப்பவும் தண்ணி இல்ல, இளகின மண்ணும் இல்ல. நிறுத்திட்டாங்க. அப்புறம் 1844-ல அலெக்சாண்டர் ஃபான் மிட்டென்டார்ஃப்னு ஒரு விஞ்ஞானி வந்து அந்தக் கிணத்துக்குள்ள ஒவ்வொரு ஆழத்துலயும் வெப்பநிலையை அளந்தாரு. நிலம் இவ்ளோ ஆழத்துக்கு உறைஞ்சு கெடக்கும்ங்கறதுக்கு உலகத்துக்குக் கெடச்ச முதல் சரியான ஆதாரம் அதுதான். தண்ணி வராத கிணறு, ஆனா ஒரு அறிவியல் துறையே அதுல இருந்து பொறந்துச்சு. அந்தக் கிணறு இன்னைக்கும் யாகுட்ஸ்க்ல இருக்கு.

சைபீரியாவுல சில இடத்துல 1,400 மீட்டருக்கும் மேல ஆழம் போகுது. தெற்கே வர வர மெலிசாகி, அங்கங்க திட்டுத் திட்டா மட்டும் இருக்கும்.

உறைஞ்ச நிலத்து மேல காடு எப்படி வளருது?

மேல இருக்கற ஒரு அடுக்கு மட்டும் கோடையில இளகி குளிர்ல திரும்ப உறையும். இடத்தைப் பொறுத்து அரை மீட்டர், ஒண்ணு, ரெண்டு மீட்டர். செடி, மரம், பாசி எல்லாம் அந்த அடுக்குலதான் பொழைக்குது. பிரச்சனை என்னன்னா அந்த அடுக்கு வருஷா வருஷம் ஆழமாயிட்டே போகுது.

ஏன் இப்ப இளகுது?

உலகம் சூடாகுது, அதுலயும் ஆர்க்டிக் மத்த இடத்தை விட ரொம்ப வேகமா சூடாகுது. 1979-ல இருந்து கணக்குப் பாத்தா உலக சராசரியை விட கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகம். 2020 ஜூன் 20 அன்னைக்கு ஆர்க்டிக் வட்டத்துக்கு உள்ள இருக்கற வெர்கோயான்ஸ்க்ல 38 டிகிரி பதிவாச்சு, உலக வானிலை அமைப்பு அதை சரிபார்த்து உறுதி பண்ணுச்சு. குளிர்காலத்துல மைனஸ் 60-க்கும் கீழ போயிருக்கற ஊரு அது.

காத்து சூடு மட்டும் காரணம் இல்ல. குளிர்காலத்துல பனி கனமா விழுந்தா அது கம்பளி போத்துன மாதிரி, மேல இருக்கற குளிரை மண்ணுக்குள்ள எறங்க விடாது. காட்டுத்தீ வந்தா பாசியும் மட்கும் எரிஞ்சுபோய் கோடை வெயில் நேரா மண்ணுல அடிக்கும். மரத்தை வெட்டினாலும் இதேதான்.

வெட்டினா என்ன ஆகும்னு பாக்கணும்னா கிழக்கு சைபீரியாவுல பத்தகாய் ஊருக்குப் பக்கத்துல ஒரு பள்ளம் இருக்கு. 1960-கள்ல அங்க காட்டை அழிச்சாங்க, நிழல் போச்சு, அடியில இருந்த ஐஸ் ஆப்பு எல்லாம் உருக ஆரம்பிச்சு மண்ணு உள்வாங்குச்சு. அப்படி ஒரு ஓடை மாதிரி ஆரம்பிச்சது இன்னைக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். பாதாள வாசல்னு அந்த ஊர்க்காரங்க சொல்றாங்க. வானத்துல இருந்து எடுத்த படத்துல பாத்தா பச்சைக் காட்டுக்கு நடுவுல வால் இருக்கற மீன் மாதிரி தெரியும். அதோட செங்குத்தான சுவரு கோடை முழுக்க சொட்டிட்டே, இடிஞ்சு விழுந்துட்டே பின்னாடி போயிட்டு இருக்கு. கீழ் அடுக்கு ஆறு லட்சம் வருஷத்துக்கும் மேல பழசுன்னு கணிச்சிருக்காங்க. 2018-ல அந்த மண்ணுல இருந்து ஒரு குதிரைக்குட்டி கெடச்சுச்சு, 42,000 வருஷத்துக்கு முன்னாடி செத்தது, குளம்பு, தோல், முடி எல்லாம் அப்படியே. அந்தப் படத்தைப் பாத்து அதிசயப்படலாம்தான், எனக்கு அதைப் பாக்கறப்போ எல்லாம் இவ்ளோ காலம் பத்திரமா வச்சிருந்த ஒண்ணை நம்ம ஒரு தலைமுறையில தொறந்துட்டோமேன்னுதான் தோணுது.

உள்ள இருக்கற கார்பன் எவ்ளோ? அது எப்படி வெளிய வருது?

ஏறக்குறைய 1.5 லட்சம் கோடி டன் கார்பன். இப்ப காத்துல மொத்தமா இருக்கற கார்பனை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆயிரக்கணக்கான வருஷமா செடி வளரும், சாகும், மக்கறதுக்குள்ள உறைஞ்சிடும். அப்படியே சேர்ந்துட்டே வந்தது.

மண்ணு இளகினதும் கிருமிகள் அந்தப் பழைய வேரையும் இலையையும் தின்ன ஆரம்பிக்கும். காத்தோட்டம் உள்ள, ஈரம் கம்மியான இடமா இருந்தா கார்பன் டை ஆக்சைடு வரும். தண்ணி தேங்கி காத்து போகாத சேறா இருந்தா மீத்தேனும் வரும். மீத்தேன் காத்துல பத்துப் பன்னெண்டு வருஷம்தான் தங்கும், ஆனா இருபது வருஷக் கணக்குல பாத்தா அதே எடை கார்பன் டை ஆக்சைடை விட 80 மடங்கு சூடு பிடிச்சு வைக்கும். நூறு வருஷக் கணக்குல சுமார் 28 மடங்கு.

அதனாலதான் ஏரிங்க முக்கியம். ஐஸ் ஆப்பு உருகின பள்ளத்துல தண்ணி நின்னு ஏரியாகும், ஏரித் தண்ணி அடியில இருக்கற மண்ணை இன்னும் ஆழமா இளக வைக்கும். குளிர்காலத்துல அந்த ஏரி உறையறப்போ அடியில இருந்து வர்ற மீத்தேன் குமிழி ஐஸுக்குள்ளயே மாட்டிக்கும். கண்ணாடி மாதிரி இருக்கற ஐஸ்ல வெள்ளை வெள்ளையா ஒண்ணு மேல ஒண்ணு தட்டு அடுக்கி வச்ச மாதிரி தெரியும். அலாஸ்கா பல்கலைக்கழகத்துல கேட்டி வால்டர் ஆந்தனின்னு ஒரு ஆராய்ச்சியாளர் இருக்காங்க, அந்த இடத்துல ஐஸை ஓட்டை போட்டு தீக்குச்சி காட்டுவாங்க, ஆள் உயரத்துக்கும் மேல தீ குப்புன்னு எழும்பும். பழைய செடி எரியுது அங்க, அவ்ளோதான் விஷயம்.

அப்போ இது மீத்தேன் குண்டா? ஒரேயடியா வெடிச்சிடுமா?

இல்ல. இந்த ஒரு விஷயத்துலதான் எனக்கு நிஜமாவே கோவம் வருது, ஏன்னா குண்டுன்னு சொல்லிட்டா ஜனங்க ரெண்டுல ஒண்ணுதான் பண்ணுவாங்க. ஒண்ணு, இனிமே எல்லாம் முடிஞ்சதுன்னு கையைக் கழுவிடுவாங்க. இல்ல, பத்து வருஷம் ஆகியும் வெடிக்கலயே, பொய் சொல்றாங்கன்னு விட்டுருவாங்க.

நடக்கறது மெதுவான கசிவு. ஐ.நா.வோட காலநிலை விஞ்ஞானிகள் குழு ஐபிசிசி, அதோட ஆறாவது அறிக்கையில போட்ட கணக்கு இதுதான்: உலகம் ஒவ்வொரு டிகிரி சூடாகறதுக்கும் 2100-க்குள்ள பெர்மாஃப்ராஸ்ட்ல இருந்து சுமார் 1,800 கோடி டன் கார்பன், கார்பன் டை ஆக்சைடா வெளிய வரலாம். 300 கோடி முதல் 4,100 கோடி வரைக்கும் எதுவா வேணா இருக்கலாம்னும் சேர்த்தே சொல்லியிருக்காங்க. நம்ம நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிச்சு விடறது ஒரு வருஷத்துக்கே சுமார் 1,000 கோடி டன் கார்பன். அதோட ஒப்பிட்டா இது சின்னதுதான். அதே சமயம் பத்தகாய் மாதிரி திடீர்னு இடிஞ்சு விழற இடங்களை இந்த மாதிரி கணக்குகள் பெரும்பாலும் சரியா சேர்க்கறதில்ல, அதையும் சேர்த்தா கூடும்.

சின்னதுன்னா ஏன் கவலைப்படணும்? நம்ம கார் ஓட்டறதை நிறுத்தலாம், அனல் மின் நிலையத்தை மூடலாம், ஆனா இளகின மண்ணை மூட வால்வு எதுவும் இல்ல. நூத்துக்கணக்கான வருஷம் கசிஞ்சுட்டே இருக்கும். நம்ம இன்னும் எவ்ளோ எரிக்கலாம்னு நாடுகள் போடற பட்ஜெட்ல இந்தக் கசிவும் நம்ம பங்குல இருந்துதான் கழியுது. 2024-ல நோவாங்கற அமெரிக்க அரசோட கடல், வானிலை ஆய்வு அமைப்பு வெளியிட்ட ஆர்க்டிக் அறிக்கையில, காட்டுத்தீயையும் சேர்த்துக் கணக்குப் போட்டா ஆர்க்டிக் துந்த்ரா, அதாவது மரம் வளராத உறைநிலச் சமவெளி, இப்போ கார்பனை உள்ள இழுக்கறதை விட வெளிய விடறதுதான் அதிகம்னு சொல்லிட்டாங்க. ஆயிரக்கணக்கான வருஷமா சேத்து வச்ச இடம், பக்கம் மாறிடுச்சு.

யமால்ல பூமி வெடிச்சு பெரிய ஓட்டை விழுந்துச்சே?

ஆமா, யமால்ங்கறது சைபீரியாவோட வடமேற்குல இருக்கற தீபகற்பம், 2014-ல அங்க ஹெலிகாப்டர்ல போனவங்க பாத்தாங்க. இருபது மீட்டருக்கும் மேல அகலம், ஐம்பது மீட்டர் அளவுக்கு ஆழம், சுத்தி மண்ணு வாரி இறைச்சிருந்துச்சு. அடியில வாயு அழுத்தம் சேர்ந்து மேல் மூடியைப் பிச்சிட்டு வந்திருக்கு. அப்புறம் இன்னும் சிலது கண்டுபிடிச்சாங்க. பாக்கப் பயமாத்தான் இருக்கும், ஆனா உலகத்துக் காத்துல சேர்ற மீத்தேன் கணக்குல இது ரொம்பச் சின்னது.

அங்க கட்டடம் எல்லாம் எப்படி நிக்குது? சாயுதா?

யாகுட்ஸ்க்ல மூணு லட்சத்துக்கும் மேல ஜனம். அங்க ஒரு அடுக்குமாடிக்குக் கீழ குனிஞ்சு பாத்தீங்கன்னா இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும். கட்டடம் தரையைத் தொடாது. உறைஞ்ச மண்ணுல பத்து மீட்டர் அளவுக்கு ஓட்டை போட்டு கான்கிரீட் தூணை எறக்கி, சுத்தி சேறு ஊத்தி, அது உறைஞ்சு தூணை இறுக்கிப் பிடிக்கற வரைக்கும் காத்திருந்து, அதுக்கு மேலதான் வீடு. தரைக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு ரெண்டு மீட்டர் இடைவெளி, அதுல குளிர்காலத்துல மைனஸ் நாப்பது டிகிரி காத்து ஓடும், வீட்டுச் சூடு மண்ணுக்குப் போகாது. தண்ணிக்குழாய், சுடுதண்ணிக்குழாய் எல்லாம் தரைக்கு மேலதான் ஓடும், ரோடு வந்தா வளைவு மாதிரி மேல ஏறி எறங்கும். இந்தத் தூண் முறையைப் பெரிய அளவுல கொண்டுவந்தவர் மிகயில் கிம்னு ஒரு இன்ஜினியர், வடக்கு சைபீரியாவுல இருக்கற நோரில்ஸ்க் ஊர்ல. கைதியா அந்த ஊருக்குக் கொண்டுபோகப்பட்டவர், பின்னாடி 1966-ல அவருக்கு லெனின் பரிசே குடுத்தாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, தூணைத் தாங்கறது அடியில இருக்கற பாறை இல்ல, குளிர்தான். மைனஸ் 5-ல மண்ணு பிடிக்கற பிடி மைனஸ் 1-ல இருக்காது. அதாவது முழுசா இளகவே வேண்டாம், உறைஞ்ச நிலையிலயே கொஞ்சம் சூடானா போதும், பிடி தளரும். ஒரு பக்கத் தூண் மட்டும் எறங்கும், சுவத்துல மூலைக்கு மூலை விரிசல் ஓடும், கதவு நிலையில சிக்கும். பத்து வருஷத்துக்கு முன்னாடி போட்ட பூச்சு பிளந்து நிக்கும்.

எல்லாத்துக்கும் வானிலைதான் காரணம்னு சொல்லிட முடியாது. சுடுதண்ணிக்குழாய் கசிஞ்சு, சாக்கடை உடைஞ்சு, வீட்டுக்கு அடியில தண்ணி தேங்கினாலும் மண்ணு இளகும். நல்லாப் பராமரிச்ச கட்டடம் நிக்குது, கண்டுக்காம விட்டது சாயுது. ஆனா அந்தப் பராமரிப்புக்கான கணக்கு எல்லாம் பழைய வெப்பநிலையை வச்சுப் போட்டது.

நோரில்ஸ்க்ல டீசல் கொட்டினது இதனாலதானா?

2020 மே 29. அங்க ஒரு மின் நிலையத்தோட டீசல் தொட்டிக்குக் கீழ தாங்கி நின்ன தூண் எறங்கி, தொட்டி கிழிஞ்சு 20,000 டன்னுக்கும் மேல டீசல் வெளிய கொட்டுச்சு. பெரும்பகுதி அம்பர்னயா ஆத்துக்குப் போச்சு, ஆறு செவப்பா ஓடுற படம் உலகம் முழுக்க வந்துச்சு. முதல்ல நிறுவனம் பெர்மாஃப்ராஸ்ட்டைத்தான் கை காட்டுச்சு. அரசு விசாரணையில வடிவமைப்புலயும் கட்டுமானத்துலயும் பராமரிப்புலயும் குறை இருந்துச்சுன்னு வந்துச்சு, கோர்ட்டு ஏறக்குறைய 200 கோடி டாலர் அளவுக்கு அபராதம் போட்டுச்சு. என்னைக் கேட்டா இந்தத் தீர்ப்பு முக்கியம். இளகுற நிலத்து மேல தொட்டி வச்சிருக்கறவங்க அது இளகுதான்னு பாத்துட்டே இருக்கணும், இயற்கை மேல பழி போட்டுட்டு நகர முடியாது.

பழைய வைரஸ் எல்லாம் உயிரோட வருமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருது, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

உண்மையா நடந்தது ஒண்ணு இருக்கு, ஆனா அது வைரஸ் இல்ல, ஆந்த்ராக்ஸ். நம்ம ஊர்ல அடைப்பான் நோய்னு மாட்டுக்காரங்க சொல்றது. அந்த பாக்டீரியா விதை மாதிரி ஒரு கூடு கட்டிக்கிட்டு மண்ணுல பல பத்து வருஷம் தாங்கும். 2016 கோடையில யமால் தீபகற்பத்துல வெயில் 35 டிகிரி வரைக்கும் போச்சு. அங்க நெனெட்ஸ் மக்கள் கலைமான் மேச்சு வாழறாங்க. கலைமான்கள் செத்து விழ ஆரம்பிச்சு 2,000-க்கும் மேல செத்துச்சு, பல பேர் ஆஸ்பத்திரியில, 12 வயசுப் பையன் ஒருத்தன் இறந்துட்டான். அந்தப் பகுதியில அதுக்கு முன்னாடி இந்த நோய் வந்தது 1941-ல. பழைய கலைமான் சடலம் புதைஞ்ச மண்ணு இளகி அதுல இருந்து கிளம்பியிருக்கும்னு நம்பறாங்க. இதுலயும் ஒரு இன்னொரு பாதி இருக்கு: கலைமானுக்குப் போட்டுட்டு இருந்த தடுப்பூசியை 2007-ல நிறுத்திட்டாங்க. அதுக்கு அப்புறம் மறுபடி போட ஆரம்பிச்சாங்க. மண்ணு இளகினது நிஜம், தடுப்பூசி இருந்திருந்தா அந்தப் பையன் இருந்திருக்கலாம்ங்கறதும் நிஜம்.

வைரஸ் பக்கம் வந்தா, 2014-ல பிரான்ஸ்ல ஜான் மிஷெல் கிளாவரி, ஷன்டால் அபெர்ஜெல் குழு 30,000 வருஷப் பழைய சைபீரிய மண்ணுல இருந்து ஒரு பெரிய வைரஸை எடுத்து, அது இன்னும் தொத்தும்னு காட்டினாங்க. அது அமீபாவை மட்டும்தான் தாக்கும், மனுஷனை இல்ல.

மனுஷ வைரஸுக்கு வர்றப்போ அலாஸ்காவுல பிரெவிக் மிஷன் கதை இருக்கு. 1918 நவம்பர்ல அந்த சின்ன கிராமத்துல அஞ்சே நாள்ல வயசுவந்த 80 பேர்ல 72 பேர் ஃப்ளூவுல செத்துப்போனாங்க, உறைஞ்ச மண்ணுல ஒரே குழியில புதைச்சாங்க. 1951-ல யோஹான் ஹுல்டின்னு ஒரு இளைஞர் ஊர்ப் பெரியவங்க அனுமதியோட தோண்டி நுரையீரல் துண்டை எடுத்துட்டுப் போய் வளர்க்கப் பாத்தாரு, வைரஸ் உயிரோட இல்ல. 1997-ல 72 வயசுல திரும்ப அதே கிராமத்துக்குப் போய் மறுபடி அனுமதி கேட்டுத் தோண்டினாரு. இந்தத் தடவை கெடச்ச நுரையீரல்ல இருந்த மரபணுத் துண்டுகளை வச்சுத்தான் ஜெஃப்ரி டாபன்பர்கர் குழு 1918 வைரஸோட முழு மரபணுவையும் 2005-க்குள்ள படிச்சு முடிச்சாங்க. எம்பது வருஷம் உறைஞ்சு கெடந்தும் உயிரோட இல்ல, துண்டு துண்டாத்தான் இருந்துச்சு. அதனால புதைகுழியில இருந்து கொள்ளைநோய் கிளம்பும்ங்கறது நடக்கவே நடக்காதுன்னு யாரும் சத்தியம் பண்ண மாட்டாங்க, ஆனா வீடியோவுல காட்டற மாதிரி வரிசையில நிக்கல.

அங்க வாழற ஜனங்களுக்கு என்ன ஆகுது?

யாகுட்ஸ்க்கைத் தலைநகரா வச்சிருக்கற யாகுட்டியாவுல சகா மக்கள் குதிரையும் மாடும் வளர்க்கறவங்க. காட்டுக்கு நடுவுல அலாஸ்னு வட்டமான புல்வெளி இருக்கும், நடுவுல ஒரு ஏரி. அதுவே பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி நிலம் இளகி உள்வாங்கி உண்டான பள்ளம்தான், அங்கதான் வைக்கோல் அறுத்து மாட்டுக்கு சேத்து வைப்பாங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் புலுஸ்னு ஒரு நிலவறை இருக்கும். ஏணி வச்சு எறங்கினா வெளிய கோடை வெயில் அடிக்கறப்போ உள்ள சுவரெல்லாம் உறைபனி பூத்து மினுங்கும். நவம்பர்ல ஏரி ஐஸை பெரிய கட்டியா அறுத்து இதுக்குள்ள அடுக்கி வச்சு வருஷம் முழுக்கக் குடிதண்ணிக்கு அதைத்தான் உருக்கிப்பாங்க. கறி, மீன் எல்லாமும் அங்கதான். இப்ப பல வீட்ல அந்த அறைக்குள்ள தண்ணி தேங்குது. கரண்ட் பில் இல்லாம தலைமுறை தலைமுறையா ஓடுன ஃப்ரீஸர் போச்சு, கடையில வாங்கின ஃப்ரீஸர் வைக்கறாங்க. அலாஸ்காவோட வடகோடியில இன்யுபியாட் மக்கள் திமிங்கிலக் கறி வைக்கற நிலவறைக்கும் இதே கதிதான்.

சிலருக்கு ஊரே போயிடுச்சு. அலாஸ்காவுல நியூடாக்னு யூபிக் மக்கள் கிராமம், சுமார் 350 பேர். அடியில மண்ணு இளக, பக்கத்துல நிங்லிக் ஆறு வருஷத்துக்கு ஏறக்குறைய 20 மீட்டர் கரையை அரிச்சுட்டே வந்துச்சு. 14 கிலோமீட்டர் தள்ளி எரிமலைப் பாறை மேல மெர்டார்விக்னு புது ஊர் கட்டி 2019-ல முதல் குடும்பங்களைக் கொண்டுபோனாங்க, கடைசிக் குடும்பங்கள் போய்ச் சேர 2024 ஆயிடுச்சு. அஞ்சு வருஷம் ஒரே ஊரு ரெண்டா பிரிஞ்சு, பள்ளிக்கூடம் அங்க பாதி இங்க பாதி. அந்த மக்கள் எரிச்ச எண்ணெய் உலகக் கணக்குல தூசு கூட இல்ல.

மண்ணு இளகினா விவசாயம் பண்ணலாமே, நல்லதுதானே?

கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு. ஆனா முதல்ல சொன்ன ஐஸ் ஆப்பை ஞாபகம் வச்சுக்கங்க. அது உருகினா அந்த இடம் உள்வாங்கும், ஆப்புக்கு நடுவுல இருக்கற மண்ணு மட்டும் மேடா நிக்கும். சமமா இருந்த வயல் சில வருஷத்துல வரிசையா கவுத்து வச்ச கிண்ணம் மாதிரி மேடும் பள்ளமுமா ஆயிடும், டிராக்டர் ஓட்ட முடியாது, வைக்கோல் அறுக்க முடியாது. யாகுட்டியாவுல சுரப்சாங்கற ஊர்ல வயல் மட்டும் இல்ல, பழைய விமான ஓடுதளமே இப்படி ஆயிடுச்சு. அலாஸ்காவுல புரூக்ஸ் மலைத்தொடர்ல இளகின பாறையில இருந்து இரும்பு கரைஞ்சு தெளிஞ்ச ஓடைகள் எல்லாம் ஆரஞ்சு நிறத்துல ஓடுது, மீன் குறையுது. இதை எப்படி லாபம்னு எழுதறது?

திரும்ப உறைய வைக்க முடியாதா?

சின்ன இடத்துல முடியும். அலாஸ்கா எண்ணெய்க் குழாய் 1,287 கிலோமீட்டர், 1977-ல ஓட ஆரம்பிச்சது, பாதிக்கும் மேல தூணு மேல தூக்கி வச்சிருக்காங்க. அந்தத் தூணுகள்ல லட்சத்துக்கும் மேல வெப்பக்குழாய் இருக்கு, உள்ள அம்மோனியா. குளிர்காலத்துல அடிமண்ணு மேல்காத்தை விடக் கொஞ்சம் சூடா இருக்கறதால அம்மோனியா ஆவியாகி மேல வரும், மேல குளிர்ல திரும்ப திரவமாகி கீழ எறங்கும், ஒவ்வொரு தடவையும் மண்ணோட சூட்டை வெளிய கொண்டு வந்து விட்டுரும். கோடையில தானா நின்னுடும். கரண்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இன்ஜினியரிங். 2006-ல தொறந்த திபெத் ரயில் பாதையிலயும் இதே மாதிரி குழாய் நட்டிருக்காங்க, அங்க சுமார் 550 கிலோமீட்டர் உறைநிலத்து மேல தண்டவாளம் போகுது.

ஆனா இது ரோட்டுக்கு, குழாய்க்கு, கட்டடத்துக்கு. கோடிக்கணக்கான சதுர கிலோமீட்டருக்கு யாரும் குழாய் நட முடியாது. வடகிழக்கு சைபீரியாவுல செர்ஸ்கி ஊருக்குப் பக்கத்துல செர்கேய் சிமோவ், அவர் மகன் நிகிதா ரெண்டு பேரும் 1996-ல இருந்து ஒரு முயற்சி பண்றாங்க. காட்டெருமை, குதிரை, கலைமானை விட்டு மேய விடறாங்க, அதுங்க குளிர்காலத்துல பனியை மிதிச்சு ஒதுக்கினா கம்பளி விலகின மாதிரி குளிர் மண்ணுக்குள்ள எறங்கும்னு. அவங்க வேலி போட்ட இடத்துல பலன் தெரியுது. உலக அளவுக்கு அது தீர்வாகுமான்னு கேட்டா, அவ்ளோ மாட்டுக்கு எங்க போறது. இளகாத பகுதியை இளகாம வைக்க இருக்கற ஒரே வழி எரிக்கறதைக் குறைக்கறது.

இந்தியாவுல பெர்மாஃப்ராஸ்ட் இருக்கா?

இருக்கு, இமயமலையில, லடாக்ல. 2023 அக்டோபர் 3 ராத்திரி சிக்கிம்ல தெற்கு லோனாக் ஏரி உடைஞ்சது ஞாபகம் இருக்கும். 5,200 மீட்டர் உயரத்துல ஏரிக்கரையா இருந்த உறைஞ்ச மண்மேடு, சுமார் 1.47 கோடி கன மீட்டர், சரிஞ்சு ஏரிக்குள்ள விழுந்து 20 மீட்டர் அலை எழும்பி கரையை உடைச்சுச்சு. கீழ சுங்தாங்ல 1,200 மெகாவாட் டீஸ்டா அணையே அடிச்சுட்டுப் போச்சு, நூத்துக்கும் மேற்பட்டவங்க செத்தும் காணாமலும் போனாங்க. மலைச்சரிவை ஒட்ட வச்சிருக்கற பசை அந்தக் குளிர்தான்.

இதனால கடல் மட்டம் ஏறுமா?

நேரா ரொம்பக் கம்மி. அதுக்குக் காரணம் கிரீன்லாந்து, அண்டார்டிகா, மலைப் பனிப்பாறைகள் உருகறதும் கடல்தண்ணி சூடாகி விரியறதும்தான். ஆனா வெளிய வர்ற வாயு எங்க வந்தாலும் காத்துல கலந்துடும், சைபீரியா சூடு தனி, சென்னை சூடு தனின்னு கிடையாது.

இதையெல்லாம் எப்படி அளக்கறாங்க?

ஷெர்கின் கிணறு மாதிரிதான், ஆனா மெல்லிசா. நிலத்துல துளை போட்டு, ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு வெப்பமானி வச்ச கேபிளை எறக்கி விட்டுருவாங்க. உலகம் முழுக்க இந்த மாதிரி துளைகளைச் சேர்த்துப் பாத்ததுல 2007-க்கும் 2016-க்கும் நடுவுல பெர்மாஃப்ராஸ்ட் சராசரியா 0.3 டிகிரி சூடாகியிருக்கு. கேக்க கம்மி மாதிரி இருக்கும், ஆனா மைனஸ் அரை டிகிரியில நிக்கற நிலத்துக்கு அது பாதி தூரத்துக்கும் மேல.

2022-ல உக்ரைன் போர் ஆரம்பிச்ச அப்புறம் மேற்கத்திய ஆய்வாளர்களுக்கும் ரஷ்ய நிலையங்களுக்கும் இருந்த கூட்டு வேலை பெரும்பாலும் நின்னுபோச்சு. உலகத்துல அதிகமா பெர்மாஃப்ராஸ்ட் வச்சிருக்கற நாட்டோட தரவு வெளிய வர்றது குறைஞ்சு, அலாஸ்காவையும் கனடாவையும் செயற்கைக்கோள் படத்தையும் வச்சு சைபீரியாவை ஊகிக்க வேண்டியிருக்கு. பல துளைகள்ல பதிவுக்கருவி பாட்டரியில ஓடும், வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் போய் லேப்டாப்ல சொருகி எண்களை எடுத்துட்டு பாட்டரி மாத்திட்டு வரணும்.